வட ஆர்க்காட்டின் உச்சிகள்: அளந்து, தேர்ந்து, ஏறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏலகிரியின் சாமிமலை உச்சியில் நின்று கைப்பேசியைப் பார்த்தேன். 1,249 மீட்டர் என்றது. நான் படித்துவிட்டுப் போன உயரமோ 1,338 மீட்டர். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த சித்தப்பா, "மலை தேய்ந்துவிட்டதா, உன் போன் பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இறங்கி வந்த பிறகு அந்தப் பதிலைத் தேடியதில்தான் இந்தப் பொழுதுபோக்கு என்னைப் பிடித்துக்கொண்டது: எங்கள் பழைய மாவட்டத்தின் உயர்ந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பது, உயரத்தைச் சரிபார்ப்பது, பிறகு ஏறுவது. இந்த வரிசையை மாற்றினால் என் கதைதான் உங்களுக்கும்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய பித்து. 50 மாநிலங்களின் உச்சிகளையும் தொட்டு வருவதற்கென்றே ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். அதில் மிகத் தாழ்ந்தது புளோரிடாவின் பிரிட்டன் குன்று. உயரம் 345 அடி, அதாவது 105 மீட்டர். வேலூர் நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, நம் ஊரில் காய்கறி வாங்கப் போகிறவர் புளோரிடாவின் உச்சியைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் நின்று பேரம் பேசுகிறார். அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாலாற்றுச் சமவெளி புளோரிடாவைப் போலவே தட்டை. கொஞ்சம் உயரத்தில் கிடக்கும் தட்டை, அவ்வளவுதான்.

1. எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

"மாவட்டத்தின் உயரமான இடம் எது?" என்று கேட்டால், "எந்த ஆண்டின் மாவட்டம்?" என்று திருப்பிக் கேட்க வேண்டிய ஊர் எங்களுடையது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவினையிலும் மலைகள் கைமாறின. ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையை மூன்று மாவட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டன. அருணாசலம் போயே போய்விட்டது.

நான் எடுத்துக்கொண்டது 1989-க்கு முந்தைய வட ஆர்க்காடு. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கும் அதில் அடங்கும். இந்த எல்லையில்தான் பட்டியல் சுவையாக இருக்கிறது. இன்றைய வேலூர் மாவட்டத்தை மட்டும் எடுப்பவருக்கு ஜவ்வாதின் வடகிழக்கு விளிம்பும் நகரைச் சுற்றிய கரடுகளும் மிஞ்சும்.

2. எங்கிருந்து அளந்த உயரம் என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓர் எண் கிடைத்ததும் அது கடல் மட்டத்திலிருந்தா, அடிவாரத் தரையிலிருந்தா என்று கேட்பதில்லை.

சோளிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலை 750 அடி என்பார்கள், படிகள் 1,305. 750 அடியை அங்குலமாக்கி 1,305-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 7 அங்குலம் வருகிறது. கோயில் படிக்கு அது இயல்பான உயரம். எனவே இந்த 750 அடி அடிவாரத்திலிருந்து அளந்ததுதான். கடல் மட்டத்திலிருந்து என்றால் சோளிங்கர் ஊரே கடலோரம் இருந்தாக வேண்டும்.

இப்போது அருணாசலம். 2,668 அடி, சுமார் 814 மீட்டர். இது கடல் மட்டக் கணக்கு. திருவண்ணாமலை நகரம் ஏற்கெனவே 170 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கால்கள் ஏற வேண்டியது 640 மீட்டர் சொச்சம். சாமிமலை 1,338 மீட்டர் என்றாலும் ஏலகிரியின் மேல்தளமே ஆயிரம் மீட்டரைத் தாண்டியது. பஸ் உங்களை அதுவரை தூக்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் சுமார் 300 மீட்டர் ஏற்றம். 'உயரமான' மலையில் வியர்வை பாதிகூட இல்லை. பட்டியலில் கடல் மட்ட உயரத்தை ஒரு பத்தியிலும், அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியதை இன்னொரு பத்தியிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி பெருமைக்கு, இரண்டாவது முழங்காலுக்கு.

3. நில அளவைத் தாளை இறக்கிக்கொள்ளுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களில் பொதுமக்களுக்கான பதிப்பை, அந்தத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். பழைய எண் முறையில் ஏலகிரி, ஜவ்வாதின் பெரும்பகுதி, பர்வதமலை ஆகியவை 57 எல் தொகுதியில் வருகின்றன. வேலூர் நகரமும் திருவண்ணாமலையும் 57 பி (P) தொகுதி. சோளிங்கர் மட்டும் வடக்கே தள்ளி 57 ஓ. ஒவ்வொரு தொகுதியும் பதினாறு தாள்களாகப் பிரியும்.

தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடுபவை சமவுயரக் கோடுகள். பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு தடித்திருக்கும். இடைவெளி எவ்வளவு என்று தாளின் அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் எண்ணத் தொடங்க வேண்டாம். உச்சியை நெருங்க நெருங்கக் கோடுகள் சுருங்கிக் கடைசியில் ஒரு சிறிய வளையமாக மூடிக்கொள்ளும். கடைசி வளையம் 1,320 என்றால் உச்சி 1,320-க்கும் 1,340-க்கும் இடையில். சாமிமலையின் 1,338 அப்படித்தான் பொருந்தும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் அங்கே செங்குத்து என்று பொருள். ஏறும் பாதையை அந்தப் பக்கம் தேடாதீர்கள்.

சில உச்சிகளில் சிறு முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அது முக்கோண அளவை நிலையம், அதாவது அளவையாளர்கள் கோணங்களை அளந்து தூரம் கணக்கிட நின்ற இடம்; நம்பத்தகுந்த உயரம். இதற்குப் பின்னால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு என்ற ஆதார நேர்க்கோட்டை அளந்து இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். அங்கிருந்து மேற்கே வந்தவர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கருங்குழிக்கும் எங்கள் பக்கத்துக் கர்நாடிகர் மலைக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்து, கிழக்கு மேற்காக ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியை நினைத்துக்கொண்டால், முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர் கனக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

4. பட்டியலை எழுதுங்கள், ஊர்வாய் எண்ணுக்குப் பென்சில் போதும்

சாமிமலையை 1,338 மீட்டர் என்று மையில் எழுதலாம். ஜவ்வாது மலையில் தனித்துத் தெரியும் ஓர் உச்சி கிடையாது. 1,100 மீட்டரைச் சுற்றி ஏறி இறங்கும் பல முகடுகள் கொண்ட அகலமான மேட்டுநிலம் அது. அருணாசலத்தை 814 என்று எழுதலாம்.

தகராறு பர்வதமலையில். 4,560 அடி என்று பக்தர்கள் சொல்வார்கள், பதாகைகளிலும் அதுதான். மீட்டரில் சுமார் 1,390. அப்படியானால் 4,390 அடி கொண்ட சாமிமலையை அது முந்திவிட வேண்டும். எவ்வளவு முறை சொன்னாலும் ஓர் எண் அளவை ஆகிவிடாது; அந்த எண்ணை வைத்து நான் பர்வதமலைக்கு முதலிடம் தர மாட்டேன். அடிவார ஊரான தென்மகாதேவமங்கலத்தைத் தாளில் கண்டுபிடித்து, அங்கிருந்து மேற்குறித்தபடி கோடுகளை நீங்களே எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. எண்ணி முடித்த பிறகு பதாகையில் இருப்பதை யாரும் உங்களிடம் விற்க முடியாது. உச்சியில் இருக்கும் மல்லிகார்ஜுனரை வணங்க எந்த எண்ணும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

5. கைப்பேசியின் பொய்யைத் திருத்துங்கள்

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: மலையும் தேயவில்லை, போனும் பழுதில்லை. செயற்கைக்கோள் முறை, பூமியை ஒழுங்கான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஈர்ப்பு குறைவான இடங்களில் அது பள்ளமாக இறங்கியிருக்கும். உலகிலேயே ஆழமான அத்தகைய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. தென்னிந்தியா அதன் சரிவில் கிடக்கிறது. நம் பக்கத்தில் கடல் மட்டம், அந்தக் கற்பனைப் பரப்புக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. திருத்தாத செயலியோடு மெரினா மணலில் நின்றால், நீங்கள் கடலுக்கு 90 மீட்டர் அடியில் சுண்டல் தின்றுகொண்டிருப்பதாகச் சொல்லும்.

சோதிப்பது எளிது. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்ட உயரத்தைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ நடைமேடை ஓரத்துக்குப் போய் அந்தப் பலகைக்கு அருகில் நின்று செயலியைத் திறவுங்கள். 85, 90 மீட்டர் குறைத்துக் காட்டினால், அன்று முழுவதும் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். என் 1,249-உடன் 89-ஐக் கூட்டிப் பாருங்கள்.

காற்றழுத்தமானி உள்ள கைக்கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10 மணியளவில் உச்சத்திலும் மாலை 4 மணியளவில் தாழ்விலும் இருக்கும். அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் மாலைக்குள் உங்களை இருபது முப்பது மீட்டர் உயர்த்திவிடும்.

6. அனுமதி

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் சிக்கி இறந்த பிறகு, காப்புக்காட்டுக்குள் நினைத்த மாத்திரத்தில் நுழைகிற காலம் முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில், அனுமதிக்கப்பட்ட பாதைகளைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம். வழிகாட்டியும் உடன் வருவார். ஏலகிரி சாமிமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு அந்தந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

அருணாசலத்தின் உச்சிக்கு இப்போது ஏற நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து, அடிவார வீட்டில் இருந்த ஏழு பேர் புதையுண்டு இறந்தார்கள். அதன் பிறகு கட்டுப்பாடு இறுகியது. 'வழி காட்டுகிறேன்' என்று காதோரம் கிசுகிசுப்பவர்களை நம்பி விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்குப் போகும் கல்பாவிய பாதை போதும். 1916 முதல் 1922 வரை ரமணர் வாழ்ந்த இடம் அது. அங்கிருந்து கோயிலின் கோபுரங்கள் கைக்குள் அடங்குவதுபோலத் தெரியும்.

7. காலமும் கட்டுச்சோறும்

'சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை' என்று வேலூரைக் கேலி செய்வது பழக்கம். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். மலைக்கு மரம் இன்னும் வரவில்லை. மொட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவு வரை கக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நகரத்துக் கரடுகளில் ஏறுவது வீரம் இல்லை, வேண்டாத வேலை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும் என்பதால் ஏலகிரியும் ஜவ்வாதும் கோடையிலும் தாங்கும்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை மிக நல்ல காலம். ஆகஸ்டு, செப்டம்பரில் காலை பளிச்சென்று இருக்கும். மாலையில் இடி இறங்கும். அந்த மாதங்களில் மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சோறு, வேர்க்கடலை உருண்டை. ஒருமுறை ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாகு ஒழுகி, உச்சிக்குப் போவதற்குள் எறும்புகள் எனக்கு முன்னால் விருந்து முடித்திருந்தன.

8. எந்த வரிசையில் ஏறுவது

வேலூர்க் கரடுகளில் தொடங்குங்கள். கோட்டைக்குக் கிழக்கே சைதாப்பேட்டைக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டைகளை ஊரில் சஜ்ஜாராவ், குஜ்ஜாராவ் என்பார்கள். 1677-78-இல் சிவாஜியின் படை வேலூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது இந்த மலைகளில் பீரங்கிகளை ஏற்றியது. மேலே போய் நின்றால் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை: அகழியும் இரட்டை மதிலும் கோயில் கோபுரமும் காலடியில் தாம்பாளத்தில் வைத்ததுபோல் இருக்கும். தனியாகப் போகாதீர்கள், கைப்பிடிச் சுவரும் விளக்கும் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து சோளிங்கர். 1,305 படிகள் கால்களுக்கு நல்ல தேர்வு. 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. ஏறும்போது படியும் இறங்கும்போது ரோப் காரும் என்பது என் கட்சி. முழங்காலைத் தேய்ப்பது இறக்கம்தான். குரங்குகளுக்குக் கண்ணாடியும் பிளாஸ்டிக் பையும் பிடிக்கும்.

மூன்றாவது சாமிமலை. ஜோலார்பேட்டையில் இறங்கி, பொன்னேரி வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் பாரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வாந்தி வருகிறவர்கள் பெயர்ப் பலகைகளை வாசிக்காமல் தொலைவில் பார்வையை வைப்பது நல்லது. அத்தனாவூரிலிருந்து மங்களம் கிராமத்துக்குப் போனால் காட்டுப்பாதை தொடங்கும். ஏலகிரி மலை சையனைட் (syenite) என்ற பாறையால் ஆனது. பள்ளத்தாக்குக்கு எதிரே உள்ள ஜவ்வாதின் பாறை வேறு இனம். ஏலகிரிப் பாறை ஈரத்தில் வழுக்கும், மணல் படிந்த இறக்கத்தில் இன்னும் மோசமாக வழுக்கும். இங்கே கரடி உண்டு. கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்தால் அது ஒதுங்கிவிடும்.

பிறகு ஜவ்வாது. ஆலங்காயம் வழியாக மேலேறினால் காவலூர் வான் ஆய்வகம், 725 மீட்டரில். 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் இதற்கும் பங்கு உண்டு. 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. இவ்வளவு தெற்கே இருப்பதால் இரு அரைக்கோளங்களின் வானத்தையும் பெருமளவு பார்க்கலாம் என்பதே இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். பார்வையாளர் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் மலையாளிப் பழங்குடி மக்களிடமே நேரடியாக வாங்குங்கள். உச்சி தேடுவதை இங்கே கொஞ்சம் மறந்துவிடலாம். மேட்டுநிலத்தில் நடப்பதுதான் சுகம்.

கடைசியாக பர்வதமலை. போளூர் வழியாகத் தென்மகாதேவமங்கலம் அல்லது கடலாடி. முதல் பாதி படிகளும் மரநிழலும். மேலே போனதும் மலை முகத்தை மாற்றிக்கொள்ளும். கடப்பாறைப் படி என்ற இடத்தில் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்துப் பாதம் வைக்க இடம் செய்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. வெயிலேறிய பின் அந்தச் சங்கிலி உள்ளங்கையைச் சுடும். எனக்கு முன்னால் ஓர் அம்மா, வேப்பிலைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு, சேலையைச் செருகி, ஒரு கம்பியில் கால் ஊன்றி அடுத்த கம்பியை முதலில் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். நானும் அதையே செய்தேன். எதிரில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட அங்கே இடமே இல்லை. பௌர்ணமியிலும் விடுமுறை நாளிலும் போகாமல், வார நாளில் விடியலில் தொடங்குங்கள். மழை தூறினால் கடப்பாறைப் படிக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

9. உச்சியில் செய்ய வேண்டியவை

பாறைத் தளத்தில் ஒரு சிறு வட்டமும் நடுவில் புள்ளியும் செதுக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். அளவையாளர்கள் விட்டுச்சென்ற குறி அது. கோயில் எழும்பிய உச்சிகளில் சிமெண்டுக்குள் போயிருக்கலாம். பிறகு நேரம், செயலி காட்டிய உயரம், காலையில் கணக்கிட்ட வித்தியாசம், கடிகாரம் காட்டிய உயரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

திரும்பும்போது ஜோலார்பேட்டை மஞ்சள் பலகைக்கு முன்னால் மறுபடி போய் நில்லுங்கள். காலையில் பலகையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கடிகாரம், மாலையில் 24 மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலைக்கும் மாலைக்கும் நடுவில் நீங்கள் உச்சியில் இருந்திருந்தால், அங்கே எழுதிய எண்ணிலிருந்து 12-ஐக் கழித்துவிடுங்கள். இரண்டாம் முறை சாமிமலைக்குப் போனபோது இப்படிக் கழித்துக் கூட்டி 1,331-க்கு வந்து சேர்ந்தேன். சித்தப்பா குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "இன்னும் ஏழு மீட்டர் எங்கே?" என்றார்.